ஜனவரி மேட்ச்ச பாக்காம மார்ச்ச பத்தி பேசாதீங்க

வாசகர் கேள்வி - பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பத்திதான், அதுவும் ஆண்கள் டீம் சீசன் பத்தி. அங்க படிக்கப் போன பசங்க வீட்டுக்கு போன் பண்ணும்போது இதையேதான் பேசறாங்க போல. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதுக்கு மட்டும் எழுதறேன்.

கேள்வி: என் பையன் இந்தியானால எம்.எஸ். படிக்கிறான். நவம்பர்ல ஆரம்பிச்சா ஏப்ரல் வரைக்கும் மேட்ச் மேட்ச்னே இருக்கான். ஒரு காலேஜ் டீமுக்கு அஞ்சு மாசமா? அப்படி என்னதான் நடக்குது? - ஒரு அப்பா

ஐயா, உங்க பையன் போயிருக்கிறது பாஸ்கெட்பால கோயில் திருவிழா மாதிரி கொண்டாடற ஊரு, அவன திட்டாதீங்க. சீசன மூணா பிரிச்சு பாருங்க, புரிஞ்சிரும்.

நவம்பர் ஆரம்பத்துல இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் டீம்கள் தங்களுக்கு பிடிச்ச எதிரிய அவங்களே பேசி வச்சுக்கிட்டு ஆடுவாங்க. இதுல பெரிய காலேஜ் ஒண்ணு சின்ன காலேஜுக்கு பணம் குடுத்து தன்னோட ஊருக்கு வரவச்சு ஆடறது ரொம்ப சகஜம், பெரிய டீமுக்கு ஒரு வெற்றி, சின்ன காலேஜுக்கு அந்த வருஷ செலவுக்கு காசு. சில நாள் அந்த சின்ன டீமே ஜெயிச்சு பணத்தையும் வாங்கிட்டு போயிரும், அன்னிக்கு அந்த ஊர்ல யாரும் சரியா சாப்பிட மாட்டாங்க.

ஜனவரி வந்ததும் கான்ஃபரன்ஸ் மேட்ச். அதாவது பெரும்பாலும் தன்னோட லீக்ல இருக்கிற டீம்களோட மட்டும், வாரத்துக்கு ரெண்டு, சிலது சொந்த ஊர்ல சிலது வெளியூர்ல. இந்த ரெண்டு மாசம்தான் என்னப் பொறுத்தவரைக்கும் சீசனே. எதிர் டீம் கோச் உங்க ஆட்டம் எல்லாத்தையும் வீடியோல பாத்து மனப்பாடம் பண்ணியிருப்பார், நீங்க கையை தூக்கி சிக்னல் குடுத்தா எந்த ஆட்ட உத்தின்னு அவங்க பெஞ்ச்ல இருந்தே கத்துவாங்க, முழங்கால் வலி, காலேஜ் பரீட்சை, ராத்திரி பஸ் பயணம் எல்லாம் ஒண்ணா வரும். நவம்பர்ல திறமைய மட்டும் வச்சு ஜெயிச்ச டீமெல்லாம் இங்கதான் மாட்டும்.

அப்புறம் மார்ச். முதல்ல ஒவ்வொரு கான்ஃபரன்சுக்கும் ஒரு டோர்னமென்ட், அத ஜெயிச்சா நேரா நேஷனல் டோர்னமென்டுக்கு டிக்கெட், மீதி இடத்துக்கு ஒரு கமிட்டி டீம்கள தேர்ந்தெடுக்கும். அதுல மொத்தம் 68 டீம், தோத்தா வெளிய, அவ்ளோதான். 1939ல முதல் தடவ நடந்தப்ப வெறும் 8 டீம், ஓரிகன் ஜெயிச்சுது. 1985ல 64 ஆச்சு, 2011ல 68 ஆச்சு. காலேஜ் டீம்கள்ல மேல்மட்டமான டிவிஷன் ஒண்ணுல மட்டும் 350க்கு மேல டீம் இருக்கு, அதுல 68க்குள்ள வர்றதுக்குத்தான் அந்த அஞ்சு மாசம்.

கேள்வி: அண்ணா, எங்க காலேஜ் 20 மேட்ச் ஜெயிச்சு 11 தோத்திருக்கு. பக்கத்து காலேஜ் 25 ஜெயிச்சிருக்கு. ஆனா எல்லாரும் எங்க டீம்தான் உள்ள போகும்னு சொல்றாங்க. இது எப்படி நியாயம்? - மாணவர் ஒருத்தர்

தம்பி, எத்தன ஜெயிச்சீங்கங்கறத விட யார எங்க ஜெயிச்சீங்கன்னுதான் கமிட்டி பாக்கும். 12 பேர் கொண்ட செலக்‌ஷன் கமிட்டி அது, அவங்க கையில நெட்னு ஒரு ரேங்கிங் இருக்கும், 2018-19 சீசன்ல இருந்து அதான் பழக்கத்துல இருக்கு. அத வச்சு ஒவ்வொரு மேட்ச்சையும் நாலு குவாடா பிரிப்பாங்க. முதல் குவாட்தான் கஷ்டமான மேட்ச். சொந்த கோர்ட்ல ஆடினா எதிரி முதல் 30 ரேங்குக்குள்ள இருக்கணும், பொதுவான இடத்துல ஆடினா முதல் 50, அவங்க ஊருக்கே போய் ஆடினா முதல் 75க்குள்ள இருந்தாலே அது முதல் குவாட் மேட்ச். பாருங்க, 75வது ரேங்க் டீம அதோட சொந்த ஊர்ல அடிக்கிறதும் 30வது ரேங்க் டீம உங்க ஊர்ல அடிக்கிறதும் ஒரே தட்டுல வருது, வெளியூர் மேட்ச் எவ்ளோ கஷ்டம்ங்கறது இந்த கணக்குலயே இருக்கு.

அந்த பக்கத்து காலேஜ் 25ம் பலவீனமான டீம்கள சொந்த ஊர்ல வச்சு அடிச்சதா இருக்கலாம். அதே சமயம் எனக்கு இதுல ஒரு வருத்தமும் உண்டு. சின்ன கான்ஃபரன்ஸ் டீம்கள்கிட்ட பெரிய டீம்கள் அவங்க ஊருக்கு வந்து ஆடவே ஒத்துக்க மாட்டாங்க, தோத்தா பேர் கெட்டுரும்னு பயம். ஆட விடாம வச்சுட்டு கடைசில நீ யாரையும் ஜெயிக்கலையேன்னு கேக்கறது எனக்கு சரியாப் படல. அந்த மாதிரி கான்ஃபரன்ஸ்ல இருந்து பெரும்பாலும் ஒரே ஒரு டீம்தான் உள்ள போகும், ரெண்டு மாசம் லீக்ல முதலிடத்துல இருந்துட்டு மார்ச்ல ஒரு ராத்திரி ஃபைனல்ல தோத்தா கதை முடிஞ்சுது.

இன்னொண்ணு, 11 தோல்வின்னு நீங்க மனசு விடாதீங்க. 2011ல கனெக்டிகட் டீம், யூகான்னு சொல்வாங்களே, பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ்ல 9 ஜெயிச்சு 9 தோத்து பட்டியல்ல நடுவுல எங்கயோ கிடந்துது. கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்ல அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச், அவங்க ஆட்டக்காரர் கெம்பா வாக்கர் அந்த அஞ்சு நாளும் நிக்கவே இல்ல. அங்கிருந்து நேஷனல் டோர்னமென்டுக்கு போய் இன்னும் ஆறு ஜெயிச்சு ஃபைனல்ல பட்லர 53-41னு அடிச்சு கோப்பை. அதே யூகான் 2023ல முதல் 14 மேட்ச்சையும் ஜெயிச்சுட்டு அடுத்த எட்டுல ஆறு தோத்துச்சு. அந்த ஜனவரில அவங்கள பாத்தவங்க முடிஞ்சுதுன்னே நெனச்சாங்க. ஆனா கோச் டேன் ஹர்லியோட டீம் அதுக்கப்புறம் தேறி வந்துச்சு, நேஷனல் டோர்னமென்ட்ல ஆறு மேட்ச்சையும் பத்து பாயிண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சு சாம்பியன். அடுத்த வருஷமும் அவங்கதான். தோத்த மேட்ச்ல என்ன கத்துக்கிட்டாங்கன்னு பாக்கத் தெரிஞ்சா உங்களுக்கு பிப்ரவரிலயே மார்ச் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: என்பிஏல நாலு குவார்ட்டர், காலேஜ்ல ரெண்டு பாதி. வேற என்ன வித்தியாசம்? - பள்ளி மாணவி

என்பிஏங்கற தொழில்முறை லீக்ல 12 நிமிஷம் நாலு தடவ, இங்க 20 நிமிஷம் ரெண்டு தடவ. பந்து கைக்கு வந்ததும் ஷாட் போட்டாகணும்னு ஓடற ஷாட் கடிகாரம் அங்க 24 செகண்ட், இங்க 30. அங்க ஆறாவது ஃபவுல்ல வெளிய, இங்க அஞ்சாவதுலயே. நல்ல ஆட்டக்காரர் முதல் பாதிலயே ரெண்டு ஃபவுல் வாங்கிட்டா கோச் அவர பெஞ்ச்ல உக்கார வச்சிருவார், அதனால காலேஜ் மேட்ச்ல ரெண்டாவது ஆளு, மூணாவது ஆளெல்லாம் ரொம்ப முக்கியம். அப்புறம் ஒரு பாதில எதிரி ஏழு ஃபவுல் பண்ணிட்டா ஒன்-அண்ட்-ஒன், யாரும் தடுக்காம போடற ஃப்ரீ த்ரோ, முதல்ல போட்டது விழுந்தாத்தான் ரெண்டாவது. கடைசி ஒரு நிமிஷத்துல 19 வயசுப் பையன் ஒருத்தன் அந்த முதல் த்ரோவுக்கு நிக்கறத பாருங்கம்மா, அந்த டென்ஷன் வேற எங்கயும் கிடைக்காது. பெண்கள் காலேஜ் மேட்ச்ல 2015-16ல இருந்தே நாலு குவார்ட்டர் வந்துருச்சு.

கேள்வி: 16ம் சீட் டீம் முதல் சீட்ட ஜெயிச்சது உண்மையா? சும்மா கதை விடறாங்கன்னு என் அண்ணன் சொல்றான். - ஒரு வாசகி

உண்மைதாம்மா, ஆண்கள் டோர்னமென்ட்ல ரெண்டு தடவ நடந்திருக்கு, ரெண்டையும் கொஞ்சம் நீளமா சொல்றேன் ஏன்னா ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் ஒரு சீசன் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல.

68ல நாலு டீம் ஆரம்ப மேட்ச்லயே வெளிய போயிரும், மீதி 64க்கு நாலு பிரிவு, ஒவ்வொண்ணுலயும் 1ல இருந்து 16 வரைக்கும் சீட், அதாவது பலத்த வச்சு குடுக்கற வரிசை எண். முதல் சீட் 16ம் சீட்டோட மோதும். 1985ல இருந்து 2018 வரைக்கும் 135 தடவ மோதி 135ம் முதல் சீட்தான் ஜெயிச்சுது. 2018 மார்ச் 16ம் தேதி யூஎம்பிசின்னு மேரிலாந்துல ஒரு காலேஜ், அந்த வருஷத்தோட ஒட்டுமொத்த முதல் டீமான வர்ஜீனியாவோட மோதுச்சு. பாதி நேரத்துல 21-21. ரெண்டாவது பாதில மட்டும் யூஎம்பிசி 53 பாயிண்ட், கடைசில 74-54. இருபது பாயிண்ட் வித்தியாசம். அதிர்ஷ்டத்துல ஜெயிச்சாங்கன்னு யாரும் சொல்லவே முடியாது.

வர்ஜீனியா கோச் டோனி பென்னட்டும் பசங்களும் அடுத்த சீசன் முழுக்க போன ஊர்ல எல்லாம் அந்த பேச்ச கேட்டாங்க. 2019ல மறுபடி முதல் சீட், மறுபடி ஒரு 16ம் சீட், கார்ட்னர்-வெப், பாதி நேரத்துல மறுபடி பின்தங்கி இருந்தாங்க! அத எப்படியோ தாண்டி, கால் இறுதில பர்டியூவுக்கு எதிரா கடைசி செகண்ட்ல தாங்க போட்ட ஷாட்டால ஓவர்டைம் போய், அரை இறுதில ஆபர்னுக்கு எதிரா வர்ஜீனியா பையன் கைல் கை 0.6 செகண்ட் இருக்கறப்ப மூணு ஃப்ரீ த்ரோவையும் போட்டு ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சு, ஃபைனல்ல டெக்சஸ் டெக்க ஓவர்டைம்ல 85-77னு அடிச்சு சாம்பியன். ஒரே கோச், பெரும்பாலும் அதே பசங்க. இந்த ரெண்டு சீசனையும் சேத்து பாக்காதவங்களுக்கு யூஎம்பிசி மேட்ச்சோட முழு அர்த்தம் தெரியாது.

ரெண்டாவது தடவ 2023. ஃபேர்லி டிக்கின்சன், நியூ ஜெர்சி காலேஜ். அதுக்கு முந்தின வருஷம் அவங்க 4 ஜெயிச்சு 22 தோத்தாங்க. புதுசா வந்த கோச் டோபின் ஆண்டர்சன் தான் முன்னாடி இருந்த டிவிஷன் ரெண்டு காலேஜ்ல இருந்து சில பசங்கள கூடவே கூட்டிட்டு வந்தார். கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல மெரிமேக்கிட்ட ஒரு பாயிண்ட்ல தோத்துட்டாங்க, ஆனா மெரிமேக் அப்பத்தான் டிவிஷன் ஒண்ணுக்கு மாறிட்டு இருந்ததால நேஷனல் டோர்னமென்ட்ல ஆட தகுதி இல்ல, இடம் இவங்களுக்கு வந்துச்சு. அந்த வருஷம் டிவிஷன் ஒண்ணுலயே சராசரி உயரம் ரொம்ப கம்மியான டீம் இதுதான். எதிர்ல பர்டியூ, அதுல 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி. குள்ளமான பசங்க ரெண்டு மூணு பேரா அவர சுத்தி நின்னுக்கிட்டு பந்து அவர்கிட்ட சுலபமா போகாம பாத்துக்கிட்டாங்க, வெளிய இருந்து மத்தவங்க த்ரீ, அதாவது மூணு பாயிண்ட் ஷாட், போடட்டும்னு விட்டாங்க, அவங்களுக்கு அன்னிக்கு விழல. 63-58.

உங்க அண்ணன்கிட்ட இதையும் சொல்லுங்க, அதே பர்டியூ, அதே ஈடி, அடுத்த வருஷம் 2024ல ஃபைனல் வரைக்கும் போச்சு, 1969க்கு அப்புறம் முதல் தடவ. யூகான்கிட்ட தோத்தாங்கதான், ஆனா போனாங்க.

கேள்வி: ஒரு சீசன் முழுக்க தோக்காம ஜெயிச்ச டீம் உண்டா?

உண்டு, ஆண்கள்ல கடைசியா 1975-76ல பாப் நைட்டோட இந்தியானா, 32-0. அதுக்கப்புறம் நெருங்கினவங்க இருக்காங்க. கென்டக்கி 2015ல 38-0ன்னு போய் அரை இறுதில விஸ்கான்சின்கிட்ட தோத்துச்சு, கொன்சாகா 2021ல 31-0ன்னு ஃபைனலுக்கே போய் பேய்லர்கிட்ட 86-70னு தோத்துச்சு. ஜான் வுடன் கோச்சா இருந்த யூசிஎல்ஏ 88 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சதும், 12 வருஷத்துல 10 கோப்பை வாங்கினதும் இனிமே யாராலயும் முடியாதுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

கேள்வி: பசங்க காலேஜ் மாற பேர் குடுக்கற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு வந்ததுல இருந்து வருஷா வருஷம் ஆளே மாறிடறாங்க. பசங்களுக்கு கோடிக்கணக்குல பணம் வேற. பழைய மாதிரி ஒரு டீம நேசிக்க முடியுமா சார்? - பழைய ரசிகர்

உங்க மனசு புரியுது. நாலு வருஷம் ஒரே பையன் சின்னப் பையனா வந்து ஆளாகி கடைசி ஹோம் மேட்ச்ல அம்மா அப்பாவோட கோர்ட்ல நிக்கறத பாத்து வளந்தவங்க நாம. இப்ப நவம்பர்ல டீம் லிஸ்ட பாத்தா பாதி பேர் யாருன்னே தெரியல.

ஆனா பழைய முறைய நான் நியாயம்னு சொல்ல மாட்டேன். கோச் நெனச்சா கான்ட்ராக்ட முறிச்சுட்டு அடுத்த நாளே வேற காலேஜ் போகலாம், பையன் மாறினா மட்டும் ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். அந்த விதி 2021ல தளர்ந்துச்சு, 2024ல எத்தன தடவ வேணா மாறலாம்னு ஆச்சு. பணம் விஷயத்துலயும் அப்படித்தான், 2021 ஜூலைல இருந்து தன் பேரையும் முகத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்க அனுமதி, 2025 ஜூன்ல நீதிமன்றம் ஒத்துக்கிட்ட சமரசத்துக்கு அப்புறம் காலேஜே நேரா குடுக்கலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேத்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். இந்த ஒரு டோர்னமென்டுக்கு டிவிக்காரங்க வருஷத்துக்கு சராசரியா 110 கோடி டாலர் குடுக்கறாங்க, ஆடற பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும் போதும்னு எத்தன காலம் சொல்ல முடியும்?

அதே சமயம் இழப்பும் இருக்கு. மேல சொன்ன டோனி பென்னட் 2024 அக்டோபர்ல, சீசன் தொடங்க சில வாரம் இருக்கறப்ப, இந்த புது சூழ்நிலைக்கு நான் சரியான ஆள் இல்லைன்னு சொல்லிட்டு ஒதுங்கிட்டார். அது எனக்கு ரொம்ப வலிச்சுது. பர்டியூ கதைல பசங்க அவமானப்பட்டுட்டு வேற காலேஜ் போகாம அங்கயே இருந்தாங்க பாருங்க, அது இனிமே குறையும். இருக்கற பசங்கள கெட்டியா பிடிச்சுக்கங்க சார், அவங்க ஆடற ஒரு வருஷத்த முழுசா பாருங்க.

கேள்வி: காலேஜ் பாஸ்கெட்பால்ல அதிக பாயிண்ட் யாரு?

ஆண்கள்ல பீட் மராவிச், எல்எஸ்யூ காலேஜ், 3,667 பாயிண்ட், 83 மேட்ச்ல. சராசரி 44.2. அப்ப த்ரீ பாயிண்ட் கோடே கிடையாது, முதல் வருஷ மாணவர்கள மெயின் டீம்ல ஆடவும் விட மாட்டாங்க, மூணே வருஷத்துல எடுத்தது. 2023ல டெட்ராய்ட் மெர்சி பையன் ஆன்ட்வான் டேவிஸ் அஞ்சு சீசன் ஆடி 3,664ல நின்னுட்டார், மூணு பாயிண்ட் கம்மி, ஒரே ஒரு த்ரீ! ரெண்டு பேருக்கும் அவங்க அவங்க அப்பாதான் கோச்.

கேள்வி: என் மகன் அங்க ஒரு காலேஜ் டீம்ல வாக்-ஆன். ஸ்காலர்ஷிப் இல்ல. தினம் பிராக்டிஸ், ஆனா மேட்ச்ல ஒரு நிமிஷம்கூட இறக்க மாட்டேங்கறாங்க. படிப்பு கெடுதேன்னு கவலையா இருக்கு. நிறுத்தச் சொல்லட்டுமா? - ஒரு அம்மா

அம்மா, அவன் அங்க என்ன பண்றான்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. சனிக்கிழமை எதிரி டீம் எப்படி ஆடுமோ அப்படியே வியாழக்கிழமை பிராக்டிஸ்ல ஆடிக் காட்டறது பெஞ்ச்ல இருக்கற பசங்க வேலை. எதிரியோட முக்கியமான ஷூட்டர் இடது பக்கமா திரும்பி போடுவான்னா உங்க பையன் நாள் முழுக்க இடது பக்கமா திரும்பி திரும்பி போட்டுக்கிட்டே இருப்பான், முதல் அஞ்சு பேர் அவன தடுத்து தடுத்து பழகுவாங்க. சனிக்கிழமை அந்த ஷூட்டருக்கு பந்தே கிடைக்கலைன்னா அதுல உங்க பையன் பங்கு இருக்கு, ஸ்கோர் ஷீட்ல வராது, டீம்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும்.

படிப்பு பத்தி நீங்க கவலப்படறது சரிதான். விதிப்படி சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பிராக்டிஸ், ஆனா பயணம், சிகிச்சை, வீடியோ பாக்கறது எல்லாம் சேந்தா அதுக்கு மேலயே போகும். நீங்களா நிறுத்துன்னு சொல்லாதீங்க. மார்க் எப்படி இருக்குன்னு கேளுங்க, தூங்கறானான்னு கேளுங்க, முக்கியமா பிராக்டிஸ் முடிஞ்சு வரும்போது சந்தோஷமா இருக்கானான்னு கேளுங்க. இதுல ரெண்டுக்கு இல்லைன்னு பதில் வந்தா அவனே கோச்சோட உக்காந்து பேசட்டும். இப்ப டீம்ல இருக்கற ஆளுங்க எண்ணிக்கைய பல காலேஜ்ல 15க்குள்ள நிறுத்திட்டாங்க, வாக்-ஆன் இடமே சுருங்கிட்டு வருது. அதுல ஒண்ணு அவனுக்கு கிடைச்சிருக்குன்னா சும்மா கிடைச்சிருக்காது. அடுத்த தடவ போன்ல எத்தன நிமிஷம் ஆடினேன்னு கேக்காம, இந்த வாரம் பிராக்டிஸ்ல யாரா ஆடினேன்னு கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம் பேசுவான்.

கேள்வி: எனக்கு எல்லாம் புதுசு. இங்கிருந்து பாக்கணும்னா எப்ப, எதுல ஆரம்பிக்கலாம்? - ஐடி ஊழியர்

ஜனவரில ஒரு டீம தேர்ந்தெடுங்க, பெரிய டீமாத்தான் இருக்கணும்னு இல்ல. வாரத்துக்கு ஒரு மேட்ச் போதும். டியூக்கும் நார்த் கரோலைனாவும் சீசன்ல ரெண்டு தடவ மோதும், அத மட்டும் விட்டுராதீங்க, பக்கத்து பக்கத்து ஊரு, ரெண்டு பக்கமும் மாணவர்கள் கத்தற கத்துல கமென்ட்ரியே கேக்காது. கேன்சஸ் சொந்த கோர்ட்ல ஆடற மேட்ச் ஒண்ணும் பாருங்க, இந்த விளையாட்ட 1891ல கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே அந்த காலேஜோட முதல் கோச், கேன்சஸ் கோச்சுகள்ல ஜெயிச்சத விட அதிகமா தோத்தவர் அவர் ஒருத்தர்தான்.

மார்ச் முதல் ரெண்டு வாரத்துல சின்ன கான்ஃபரன்ஸ் ஃபைனல்கள் வரும். ஒரே ஒரு இடம், ரெண்டு டீம், நேஷனல் டோர்னமென்ட விட நான் அதத்தான் ஆசையா பாப்பேன். அமெரிக்க கிழக்குப் பக்கம் ராத்திரி 7 மணி மேட்ச் நமக்கு அடுத்த நாள் காலைல 5.30, 9 மணி மேட்ச்னா 7.30. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்த மாத்திருவாங்க, அதுக்கப்புறம் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னாடி, அலாரத்த 4.30க்கு மாத்தி வச்சுக்கங்க.